"கேஸ் குறைஞ்சிருக்கு" என்பதை நம்புவதற்கு முன்னால்: ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரில் (காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீரைச் சூடாக்குகிற மெஷின்) தண்ணீர் சரியாகச் சுடவில்லை என்று சர்வீஸுக்குச் சொன்னால், வருகிறவர் மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே சொல்வது "கேஸ் குறைஞ்சிருக்குங்க" என்பதுதான். கேஸ் என்றால் மெஷினின் குழாய்களுக்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கிற வாயு. ஏசிக்கும் இதே பதில், ஃப்ரிட்ஜுக்கும் இதே பதில். எங்கள் வீட்டு மெஷினில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்து வந்தன, அதில் ஒன்றுகூடக் கேஸ் சம்பந்தப்பட்டது இல்லை. என்ன பார்த்தேன், எப்படிப் பார்த்தேன், எதைச் சரிசெய்தேன் என்று எழுதி வைக்கிறேன். இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் கேஸுக்குப் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டரைக் காற்று போகும் வழியில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எங்களுடையது கோயம்புத்தூரில் ஒரு மாடி வீடு. 200 லிட்டர் டேங்க், அதன் தலையிலேயே கம்ப்ரசரும் ஃபேனும் உட்கார்ந்திருக்கிற ஒரே துண்டு மாடல். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் யூட்டிலிட்டி பால்கனியில் நிற்கிறது. தண்ணீர் மொட்டை மாடி டேங்கிலிருந்து பிரஷர் பம்ப் வழியாக வருகிறது. சிறுவாணி அணைத் தண்ணீர் வரும் நாளில் அது, மற்ற நாளில் போர்வெல் உப்புத் தண்ணீர், பெரும்பாலும் இரண்டும் கலந்ததுதான். டேங்குக்கு உள்ளே காயில் கிடையாது, வெளிச்சுவரைச் சுற்றி டியூப் ஓடி அதன் வழியாகத்தான் சூடு ஏறுகிறது. உப்புத் தண்ணீர் ஊருக்கு இந்த அமைப்பு நல்லது என்று நினைத்துத்தான் இதை எடுத்தோம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை ஏன் வாங்கினோம் என்பதற்குச் சின்னக் கணக்கு. 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண கீசரில் அந்த 7 யூனிட்டும் மீட்டரில் ஓடும். ஹீட் பம்ப் கரண்ட்டைக் கம்ப்ரசரை ஓட்ட மட்டும் எடுத்துக்கொண்டு வெப்பத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சி டேங்குக்குள் தள்ளுகிறது, அதனால் நம் ஊர் வெயிலில் அதே வேலை 2 யூனிட் சுற்றுவட்டத்தில் முடிந்துவிடும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் விகிதமே மாறிவிடுகிற நம் மின்கட்டணத்தில், தினம் 5 யூனிட் குறைவது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் மெஷின் சுத்தமாக, நல்ல காற்றோட்டத்தோடு இருக்கும் வரைக்கும்தான்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். மெஷினுக்கு டைமர் போட்டிருக்கிறோம், காலை 11 மணிக்கு ஆரம்பித்து வெயில் நேரத்திலேயே சூடாக்கி முடித்துவிடும், டேங்கில் நல்ல இன்சுலேஷன் இருப்பதால் மறுநாள் காலை வரை சூடு பெரிதாகக் குறையாது. முன்பெல்லாம் பகல் 2 மணி, மிஞ்சிப் போனால் 3 மணிக்குள் சத்தம் நின்றுவிடும். பங்குனி வாக்கில் பார்த்தால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது ஒன்று. இன்னொன்று, சில நாள் டிஸ்பிளேயில் 55 என்று தெளிவாகக் காட்டும், ஆனால் பாத்ரூமில் வெதுவெதுப்பாகத்தான் வரும், அம்மா பக்கெட்டில் கையை விட்டுப் பார்த்துவிட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிடுவார்.

இந்த இரண்டையும் ஒரே கோளாறாகப் பார்த்தால் குழப்பம்தான். டேங்குக்குள் சூடு ஏறவில்லை என்பது ஒரு பக்கம், டேங்கில் ஏறிய சூடு குழாய்க்கு வந்து சேரவில்லை என்பது வேறு பக்கம். முதலாவது மெஷின் பிரச்சினை, இரண்டாவது அநேகமாகப் பிளம்பிங் பிரச்சினை. டிஸ்பிளே என்ன காட்டுகிறது, குழாயில் என்ன வருகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

சர்வீஸிலிருந்து வந்த பையன் நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான். டேங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், கேஸ் கம்மியா இருக்குங்க, டாப்-அப் பண்ணிட்டா சரியாயிடும்" என்றான். "எதை வெச்சுச் சொல்றீங்க தம்பி, அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். "லேட்டா சூடாகுதுன்னா கேஸ் தாங்க" என்றான். வேண்டாம், நான் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று விசிட்டிங் சார்ஜைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டையை அடைக்காமல் டாப்-அப் பண்ணினால் சில மாதத்தில் மறுபடி அதே கதை. இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு மெஷின்களில் கேஸ் அளவு மிகக் கொஞ்சம், ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அது எத்தனை கிராம் என்று மெஷின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே போட்டிருப்பார்கள். சந்தேகத்துக்கெல்லாம் கேஸ் அழுத்தத்தைப் பார்க்கிற கேஜ் ஹோஸைச் சொருகிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் ஹோஸுக்குள் போய்விடும், அந்தச் சின்ன வால்வின் பின்னும் தேயும். பல மாடல்களில் சர்வீஸ் வால்வே இல்லாமல் முழுக்கப் பற்றவைத்து மூடியிருப்பார்கள். அதில் போய் டியூபைத் துளைத்து மாட்டுகிற குத்து வால்வு போட்டால் இல்லாத லீக்கை நாமே உண்டாக்கியது போல ஆகிவிடும். கேஜ் மாட்டுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும், முதல் வேலையாக இல்லை.

ஆகவே அளக்க ஆரம்பித்தேன். வேண்டியது சமையலறை தெர்மாமீட்டர் இரண்டு, ஒரு கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளப்பது), கடிகாரம். எங்கள் மெஷின் தகட்டில் வெப்பத் திறன் 2.2 கிலோவாட் என்று இருக்கிறது. அந்தத் திறனில் 200 லிட்டர் தண்ணீர் மணிக்கு 9 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். வெந்நீர் எதையும் திறக்காமல், டேங்கில் கூடுதலாக இருக்கிற ஹீட்டிங் எலிமென்டையும் ஆஃப் செய்துவிட்டு, ஹீட் பம்ப்பை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். மணிக்கு 5 டிகிரிதான் ஏறியது. கரண்ட் வழக்கமாக 3 ஆம்பியர் ஒட்டி இருக்கும், இப்போது 2.5 சுற்றி. கரண்ட் குறைவதைப் பார்த்ததும் "பாத்தீங்களா, கேஸ் கம்மி" என்று சொல்வார்கள். ஆனால் காற்று சரியாகப் போகவில்லை என்றாலும் கரண்ட் குறையும், ஆகவே அதை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது.

முடிவு சொல்வது காற்றின் சூடுதான். உள்ளே போகிற காற்றில் ஒரு தெர்மாமீட்டர், வெளியே வருகிற காற்றில் ஒரு தெர்மாமீட்டர். மெஷின் ஓட ஆரம்பித்து இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால், நல்ல நிலையில் இருக்கும் மெஷினில் வித்தியாசம் 6, 7, 8 டிகிரி என்று இருக்கும். கேஸ் குறைந்திருந்தால் மேலே ஃபேன் பக்கத்தில் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிற காயிலில் குளிர்ச்சியே சரியாக உண்டாகாது, ஆகவே வித்தியாசம் 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும். காயிலைத் தொட்டுப் பார்த்தால் கேஸ் நுழைகிற முனையில் மட்டும் சில்லென்று இருந்து மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருக்கும். காற்று அடைபட்டிருந்தால் நேர்மாறு: போகிற கொஞ்சக் காற்று குளிர்ந்த காயிலில் நெடுநேரம் நின்று போவதால் வித்தியாசம் ஏறிவிடும், காயில் முழுக்க ஒரே மாதிரி சில்லிட்டிருக்கும். எனக்கு உள்ளே 31, வெளியே 18. பதின்மூன்று டிகிரி வித்தியாசம், ஆனால் ஃபேன் வாயில் கையை வைத்தால் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் காற்று. கேஸ் இருக்கிறது, காற்றுதான் இல்லை.

எம்.சி.பி.யை ஆஃப் செய்து, அதன் மேல் ஒரு டேப்பையும் ஒட்டிவிட்டு (யாராவது தெரியாமல் போட்டுவிடக் கூடாது), மேல்மூடியைக் கழற்றினேன். காயிலின் காற்று உறிஞ்சும் பக்கம் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது மாதிரி இருந்தது. விரலால் ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் தகடு தகடாக உரிந்து வருகிறது. அதைப் பிரித்துப் பார்த்தேன்: பாதி இலவம் பஞ்சு, தெருமுனையில் இலவ மரம் நிற்கிறது, பங்குனியில் காய் வெடித்தால் வீதி முழுக்கப் பறக்கும், மீதி துணி உலர்த்துவதில் பறக்கிற நூல், தூசு, இவற்றையெல்லாம் ஒட்டவைக்கிற பசையாகச் சமையலறை எண்ணெய்ப் புகை. எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தப் பால்கனியில்தான் வந்து விழுகிறது. தாளிப்பு வாசனை அந்தப் பஞ்சிலேயே இருந்தது. மெஷினோடு வந்த வலை ஃபில்டரை நாங்கள் அவ்வப்போது கழுவி மாட்டுவது வழக்கம், ஆனால் அந்த வலையின் கண் பெரியது, இந்த மெல்லிசு நூல் அதைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது.

சுத்தம் செய்யும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஃபின் என்பது மெல்லிய அலுமினியத் தாள், நகம் பட்டாலே மடியும். பிரஷைக் குறுக்கே இழுக்கவே கூடாது, ஃபின் போகிற திசையிலேயே மேலும் கீழுமாக மட்டும். முதலில் காய்ந்த பெயிண்ட் பிரஷால் பஞ்சை எடுத்துவிட்டு, அப்புறம் சர்க்யூட் போர்டையும் ஃபேன் மோட்டாரையும் பாலித்தீன் கவரால் நன்றாகக் கட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடை வெந்நீரில் கரைத்துச் செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரால் அடித்து ஊறவிட்டேன். தண்ணீரைக் காற்று போகிற திசைக்கு எதிர்த்திசையிலிருந்து விட வேண்டும், அப்போதுதான் அழுக்கு வந்த வழியே வெளியே வரும், இல்லையென்றால் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கார் கழுவுகிற பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஃபின் அத்தனையும் படுத்துவிடும். கடையில் விற்கிற ஆசிட் கலந்த காயில் கிளீனரையும் நான் தொடுவதில்லை, அலுமினியத்தை அது அரிக்கும், அதிலும் பால்கனி மாதிரி இடத்தில் கழுவிவிடத் தண்ணீர் தாராளமாக ஊற்ற முடியாது. மடிந்த ஃபின்களை ஏசி ஸ்பேர் கடையில் கிடைக்கும் ஃபின் சீப்பால் நிமிர்த்தினேன். ஃபேன் கூண்டின் ஓரத்தில் குளவி மண்கூடு ஒன்று கட்டியிருந்தது, அதையும் எடுத்தேன்; இறக்கையில் மண் ஒட்டியிருந்தால் ஃபேன் அதிரும், பேரிங் சீக்கிரம் போகும்.

மூடிவிட்டு ஓடவிட்டால் காற்று பலமாக வருகிறது, ஆனாலும் மணிக்கு 7 டிகிரிதான் ஏறுகிறது. இன்னும் ஏதோ இருக்கிறது. பால்கனியில் நின்று பார்த்தபோது புரிந்தது: மத்தியான வெயிலுக்காக மூங்கில் திரை ஒன்று மாட்டியிருக்கிறோம், புறாவுக்காக வலையும் அடித்திருக்கிறோம். மெஷின் விடுகிற சில்லென்ற காற்று திரையில் மோதித் திரும்பி அதே மெஷினின் வாய்க்கே வருகிறது. மொத்த பால்கனியும் வெளியை விட நாலைந்து டிகிரி குளிர்ந்து கிடக்கிறது. வெயில் காலத்தில் மனிதனுக்கு அது சுகம், மெஷினுக்குச் சாப்பாடு குறைவு. அடைத்த இடத்தில் வைக்கிற ஹீட் பம்ப்புக்குச் சுற்றிலும் 28 கன மீட்டராவது காற்று வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது, அதாவது மூன்று மீட்டர் உயரமுள்ள நல்ல அறை ஒன்று. எங்கள் பால்கனி அதில் பாதி கூட இருக்காது, திறந்திருப்பதால்தான் அங்கே வைக்க முடிந்தது. திரையைப் போட்டதும் அது அறையாகிவிட்டது. திரையை மெஷின் பக்கம் இல்லாமல் துணி காயும் பக்கத்துக்கு மாற்றினேன். 9 டிகிரி வந்தது, காற்று வித்தியாசம் 7 டிகிரியில் நின்றது, சாயங்கால ஓட்டமும் நின்றது. ஒரு கிராம் கேஸ்கூடப் போடவில்லை.

இப்போது இரண்டாவது கோளாறு, டிஸ்பிளே 55, குழாயில் வெதுவெதுப்பு.

முதலில் சென்சாரைச் சந்தேகப்படலாம். டேங்க் சென்சார் என்பது சூட்டுக்குத் தகுந்தபடி மின்தடை மாறுகிற சின்ன உருண்டை. பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், சிலவற்றில் 5 அல்லது 50. சூடு ஏற ஏற ஓம் குறையும். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்து, அதே சென்சாரை 50 டிகிரி வெந்நீரில் முக்கிப் பார்த்தால் 10 கிலோ ஓம் ரகத்துக்கு 3.6 முதல் 4.2 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். எங்களுடையது சரியாக இருந்தது. சென்சாருக்குச் சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து பொடியாகக் கிடந்தது, புதிதாகத் தடவிக் குழிக்குள் முழுக்கத் தள்ளி மாட்டினேன். சென்சார் குழியை விட்டு வெளியே நழுவியிருந்தால் டிஸ்பிளே உண்மையை விடக் குறைவாகக் காட்டும், மெஷின் நிற்காமல் ஓடும். எங்கள் கோளாறு அது இல்லை.

அப்புறம் செய்த சோதனைதான் விஷயத்தை உடைத்தது, எல்லோரும் செய்து பார்க்க வேண்டியது. ஹீட்டருக்குள் போகிற குளிர்ந்த தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள். வீட்டில் ஏதாவது ஒரு பாத்ரூமில் வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். உள்ளே தண்ணீர் போகாததால் சில நொடியில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கேயோ பச்சைத் தண்ணீர் லைன் வெந்நீர் லைனுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மிக்ஸருக்கும் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடுகிற குழாய்) கீழே இருக்கிற ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வர வேண்டும். மேல் பாத்ரூமில் கை ஷவர் வைத்த மிக்ஸரை மூடியதும் தண்ணீர் நின்றது. நடந்தது இதுதான்: மிக்ஸரில் இரண்டு கைப்பிடியையும் திறந்து சூட்டைச் சரிசெய்துவிட்டு, குளித்து முடித்ததும் கை ஷவரின் பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்திவிடுகிறார்கள். மிக்ஸர் உள்ளே வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றோடொன்று இணைந்தபடியே நிற்கின்றன. கீழ் பாத்ரூமில் வெந்நீரைத் திறந்ததும் வெந்நீர் லைனில் அழுத்தம் இறங்கும், உடனே பச்சைத் தண்ணீர் அந்த மிக்ஸர் வழியாகத் தாண்டி வெந்நீர் லைனில் கலந்துவிடும். டேங்கில் 55 டிகிரி பத்திரமாக இருக்கும், குழாயில் 38 வரும். சில நாள் மட்டும் வந்ததற்கும் காரணம் இதுதான், மேலே யார் கடைசியாகக் குளித்தார் என்பதைப் பொறுத்தது. பிளம்பர் அண்ணன் அந்த மிக்ஸரின் இரண்டு வழியிலும் சின்ன நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டுக் கொடுத்தார், கை ஷவரில் நிறுத்தாமல் மிக்ஸரில் மூட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

நான் ரிட்டர்ன் வால்வு பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. ஹீட்டரின் உள்வழியிலும் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருக்கும். 200 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 55 டிகிரிக்குப் போகும்போது இரண்டு லிட்டருக்கு மேல் விரிகிறது. பின்னால் திரும்பிப் போக வழியில்லை என்பதால் அது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வெளியேறும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது பழுது இல்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது. இதை லீக் என்று நினைத்து எண்ட் கேப் போட்டு அடைத்த வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் போய் எலிமென்ட் விடாமல் எரிந்தால் அந்த டேங்கைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. சொட்டுகிற தண்ணீர் தொந்தரவாக இருந்தால் விரிகிற தண்ணீரை வாங்கிக்கொள்கிற எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்று போடலாம், அல்லது ஒரு குழாய் வைத்துக் கழிவுக்கு விடலாம். வருஷம் ஒரு தடவை சேஃப்டி வால்வின் நெம்பைத் தூக்கித் தண்ணீர் பீய்ச்சுகிறதா, விட்டதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் ஊரில் அந்த வால்வு இறுகிப்போவது சகஜம்.

மெஷினைத் திறந்ததே திறந்தோம், ஆனோடையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். டேங்கின் உள்சுவர் இரும்பு, மேலே கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு. அந்தப் பூச்சில் எங்காவது ஊசிமுனை விரிசல் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும், அதைத் தடுக்கத்தான் ஆனோட் என்கிற மெக்னீசியம் கம்பி ஒன்றை உள்ளே தொங்கவிடுகிறார்கள். இரும்புக்குப் பதிலாக அது கரைந்துபோகும். அது தீர்ந்த பிறகு டேங்கின் முறை. போர்டு போனால் மாற்றலாம், கம்ப்ரசர் போனால்கூட மாற்றலாம், டேங்க் ஓட்டையானால் மொத்த மெஷினும் காயலான் கடைக்குத்தான். இத்தனை முக்கியமான அந்தக் கம்பியைப் பற்றி வாங்கும்போது எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் மாடலில் மேல்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே 27 மி.மீ. தலையோடு இருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போதே முதல் திருகைத் தளர்த்திவிட வேண்டும், அந்த எடைதான் டேங்க் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நீளமான கைப்பிடி போட்டு, ஒருவர் டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. வெளியே வந்தது கம்பியாக இல்லை. மேல் பாகத்தில் மட்டும் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு அப்பிய ஒரு துண்டு, அதற்குக் கீழே நடுவில் ஓடுகிற இரும்புக் கம்பி வெறும் எலும்பாகத் தெரிந்தது. மூன்று வருஷத்தில் இந்த நிலை. நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் இன்னும் தாங்கியிருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். எங்கள் போர்வெல் தண்ணீர் அந்த 600-ஐத் தொடுகிறது.

புதுக் கம்பியை உள்ளே இறக்கப் பால்கனிக் கூரை இடிக்கிறது, நேர் கம்பி போகாது. துண்டு துண்டாகக் கோத்து மடங்குகிற ரகம் கிடைக்கிறது, அதை வாங்கிப் போட்டேன். திருகில் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். கண்டபடி சுற்றினால் கம்பிக்கும் டேங்குக்கும் மின்தொடர்பு போய்விடும், தொடர்பு இல்லாத ஆனோட் சும்மா தொங்குகிற கம்பிதான். இறுக்கிய பிறகு மல்டிமீட்டரில் ஆனோட் தலைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவே பார்த்தேன், ஏறக்குறைய பூஜ்யம் ஓம், சரி. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வருகிற வீடுகளில் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினிய ஆனோட் போட்டால் பெரும்பாலும் குறையும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டேங்கை வடிப்பது பற்றி. எம்.சி.பி. ஆஃப், உள்வழி வால்வு மூடி, மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கீழே டிரெய்னைத் திறக்க வேண்டும். காற்று உள்ளே போக வழி விடாமல் வடித்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், அது டேங்குக்கு நல்லதில்லை. முந்தின நாளே ஆஃப் செய்து வெந்நீரைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவது நல்லது, 55 டிகிரி தண்ணீர் காலில் பட்டால் விளையாட்டில்லை. முதல் பக்கெட் பால் மாதிரி வந்தது, அடுத்து முட்டை ஓடு நொறுக்கியது போன்ற துணுக்குகள், கடைசியில் டிரெய்னே அடைத்துக்கொண்டது. ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டு, உள்வழி வால்வைச் சட்டென்று திறந்து மூடினால் அடியில் கிடப்பது கலங்கி வெளியே வரும். தெளிவாகத் தண்ணீர் வரும் வரை இப்படியே செய்தேன். வினிகர், ஆசிட் எதையும் உள்ளே ஊற்றவில்லை, புது மெக்னீசியத்தை அதுவே தின்றுவிடும். மறுபடி நிரப்பும்போது எல்லாக் குழாயிலும் காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும், தண்ணீரில்லாமல் எலிமென்ட் எரிந்தால் அங்கேயே போச்சு.

எத்தனை டிகிரி வைப்பது என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு அதிகம் படியும், ஹீட் பம்ப்பின் திறனும் குறையும், ஆகவே குறைவாக வைப்பது லாபம். ஆனால் 25 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா நன்றாக வளரும், மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போனால் வயதானவர்களுக்கு ஆபத்து. 60 டிகிரிக்கு மேல் அது தாக்குப்பிடிக்காது. நாங்கள் தினப்படிக்கு 55 வைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் எலிமென்ட் போட்டு 65 வரை கொண்டுபோகிறோம். அம்மா இருக்கிற வீடு, ஆகவே மின்சாரம் மிச்சம் பிடிக்க 45-க்கு இறக்கச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை.

கரண்ட் பக்கம் சுருக்கமாக. நம் ஊரில் போர்டைக் கெடுப்பது எறும்பும் பல்லியும்தான். ரிலே முனையில் எறும்பு நசுங்கிக் கருகி ஒட்டியிருந்தால் கம்ப்ரசர் எடுக்காது. பல்லி உள்ளே போய்ச் செத்தால் போர்டே எரியும். ஒயர் நுழைகிற ஓட்டைகளை எல்லாம் சீலன்ட் வைத்து அடைத்தேன். கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுபோகிறது, சில நிமிஷம் கழித்து மறுபடி உறுமுகிறது என்றால் முதலில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டரைப் பாருங்கள், விலை கொஞ்சம்தான். மெயின் ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கிற டெஸ்ட் லாம்ப்பை இரண்டு முனையிலும் வைத்து இறக்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். மேலே போட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். கரண்ட் போய் வந்தால் உடனே ஓடாமல் மூன்று நிமிஷம் மெஷின் சும்மா நிற்பது பழுது இல்லை, அழுத்தம் சமமாவதற்குக் காத்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாமல் எந்த வாட்டர் ஹீட்டரையும் ஓட்டாதீர்கள், அது டிரிப் ஆனால் பைபாஸ் பண்ணாமல் எலிமென்டை மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் கேஸை எப்போதுதான் சந்தேகப்படுவது? காயில் சுத்தம், காற்று தாராளம், ஃபேன் முழு வேகம், அப்படியும் காற்று வித்தியாசம் 2, 3 டிகிரிதான் என்றால். பற்றவைத்த இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால், அது கேஸோடு சேர்ந்து கசிந்த கம்ப்ரசர் எண்ணெய். அப்போதும் "டாப்-அப்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மெஷினில் மிச்சமிருக்கும் கேஸைச் சிலிண்டரில் வாங்கிவிட்டு, நைட்ரஜன் அடித்துச் சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, வேக்குவம் பம்ப் போட்டு, தகட்டில் இருக்கிற கிராம் அளவைத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும். தராசு கொண்டுவராத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். எந்தக் கேஸ் என்பதையும் தகட்டில் பாருங்கள். ஆர்134ஏ, ஆர்410ஏ பழைய மாடல்களில். புதியவற்றில் ஆர்290 வர ஆரம்பித்திருக்கிறது. ஆர்290 என்பது புரொப்பேன், சிலிண்டர் கேஸ் மாதிரி தீப்பிடிக்கும், அதற்குப் பயிற்சி எடுத்தவரைத் தவிர யாரும் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது வைத்திருக்கிற வழக்கம்: இலவம் பஞ்சு பறந்து முடிந்ததும் ஒரு தடவை காயில் சுத்தம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று ஓய்ந்ததும் மறுபடி ஒரு தடவை. வலை ஃபில்டருக்கு உள்பக்கம் ஏசி கடையில் கிடைத்த மெல்லிசு கண் வலையை வெட்டி வைத்தேன், அதற்குப் பிறகு ஃபேன் காற்று குறைகிறதா என்று பார்த்தேன், குறையவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் காயிலுக்குக் கீழே இருக்கிற டிரெய்ன் குழாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று வெந்நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், ஈரக் காற்றில் அந்தத் தட்டில் பக்கெட் கணக்கில் தண்ணீர் இறங்கும், அடைத்துக்கொண்டால் நேராகப் போர்டு பக்கம்தான் வழியும். மணிக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை மாதம் ஒரு தடவை மெஷின் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதுகிறேன். 8-க்குக் கீழே போனால் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். ஆனோடை வருகிற சித்திரையில் கழற்றிப் பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் போர்வெல் லைனை ஹீட்டரிலிருந்து பிரித்துச் சிறுவாணித் தண்ணீர் மட்டும் போகிற மாதிரி தனி டேங்க் வைத்துவிடலாம் என்று பிளம்பர் அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.